கதவைத் தட்டிய பிறகு எத்தனை நொடி? அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் ஊர் போலீஸ் சோதனை வாரண்டோடு ஒரு வீட்டுக்குப் போகிறது. கதவைத் தட்டிய பிறகு எத்தனை நொடி பொறுத்துக் கதவை உடைப்பார்கள்? உங்கள் நகரத்தின் விதி இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த விதி போதாது என்றால் நகர சபையில் பேசுங்கள். இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறோம். குற்றவியல் வழக்குகளோடும் போலீஸ் விதிமுறைகளோடும் தொழில்முறைப் பழக்கம் உள்ளவர்கள் நாங்கள்.

"நோ-நாக் வாரண்ட்" என்ற பெயரை 2020க்குப் பிறகு எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கதவைத் தட்டாமல், யார் என்று சொல்லாமல், உடைத்துக்கொண்டு உள்ளே போக நீதிபதி முன்கூட்டியே தரும் அனுமதி அது. அந்த ஆண்டு மார்ச் 13 அன்று, நள்ளிரவு தாண்டி 12.40 மணி வாக்கில், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிரியோனா டெய்லரின் வீட்டுக்கு மஃப்டியில் போலீஸ் வந்தது. அவருக்கு வயது 26, அவசர மருத்துவ உதவிப் பணியாளர். வந்திருப்பது திருடன் என்று நினைத்து அவருடைய காதலர் உரிமம் பெற்ற துப்பாக்கியால் ஒரு முறை சுட்டார். போலீஸ் 32 முறை சுட்டது. டெய்லர் இறந்தார். தேடி வந்த போதைப்பொருள் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. தேடப்பட்ட முக்கிய நபர் அங்கே வசிக்கவும் இல்லை.

அதன்பின் பல ஊர்கள் நோ-நாக் வாரண்டைத் தடை செய்தன. பிரச்சினை தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தீரவில்லை. டெய்லர் வழக்கிலேயே காகிதத்தில்தான் அது நோ-நாக் வாரண்ட். வீட்டுக்குப் போவதற்கு முன் "தட்டி, சொல்லிவிட்டுப் போங்கள்" என்று உத்தரவு மாற்றப்பட்டிருந்தது. தட்டினோம், போலீஸ் என்று கத்தினோம் என்கிறார்கள் அதிகாரிகள். தட்டும் சத்தம் கேட்டது, யார் என்று கேட்டோம், பதில் இல்லை என்றார் காதலர். ஆக, தட்டியதாகச் சொல்லப்படும் ரெய்டிலும் ஆள் சாகலாம். வாரண்டின் பெயரைத் தடை செய்துவிட்டு, தட்டலுக்கும் உடைப்புக்கும் நடுவிலுள்ள நேரத்தை அப்படியே விட்டுவிட்டால் மாறுவது காகிதம் மட்டும்தான்.

அந்த நேரத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? தட்டி அறிவித்துவிட்டு நுழைய வேண்டும் என்பது பழைய ஆங்கிலேய வழக்கம். நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும், அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்தில் அதுவும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் 'வில்சன் எதிர் ஆர்கன்சா' வழக்கில் சொன்னது. 1997இல் 'ரிச்சர்ட்ஸ் எதிர் விஸ்கான்சின்' வழக்கில், போதைப்பொருள் வழக்கு என்பதாலேயே தட்டாமல் போக முடியாது என்றது. ஆனால் தட்டினால் ஆபத்து, அல்லது தட்டிப் பயனில்லை, அல்லது தடயத்தை அழித்துவிடுவார்கள் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் தட்ட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னது. இதை உங்கள் நகர சபை உறுப்பினரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: அந்தச் சந்தேகம் வாசலில் நிற்கும்போதே வந்தாலும் செல்லும். வாரண்டில் அனுமதி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாரண்டை மட்டும் தடை செய்கிற சட்டம் இந்த ஓட்டையை அடைப்பதில்லை.

அடுத்தது 2003. 'ஐக்கிய அமெரிக்கா எதிர் பேங்க்ஸ்' வழக்கு, நார்த் லாஸ் வேகஸ். கொக்கைன் விற்பதாகச் சந்தேகித்துப் போலீஸ் போன வீடு. வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார், தட்டியது காதில் விழவில்லை என்றார். 15 முதல் 20 நொடி பொறுத்து போலீஸ் கதவை உடைத்தது. அது போதும் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பின் தர்க்கத்தைக் கவனியுங்கள். ஆள் எழுந்து கதவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அங்கே கணக்கே அல்ல. கொக்கைனைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கணக்கு. தூங்குகிறவருக்காக வைத்த கடிகாரம் இல்லை அது. போதைப்பொருள் விற்பனை வழக்கில் தடயத்துக்காக வைத்தது. அதே கடிகாரம் உங்கள் வீட்டு வாசலுக்கும் செல்லும்.

2006இல் 'ஹட்சன் எதிர் மிச்சிகன்' மிச்சத்தையும் தளர்த்தியது. டெட்ராயிட்டில் போலீஸ் அறிவித்துவிட்டு 3 முதல் 5 நொடி மட்டுமே பொறுத்தது. விதியை மீறியதுதான் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அப்படிப் போய் எடுத்த பொருளை வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மீறினால் வழக்கு தோற்காது என்று தெரிந்த பிறகு, அதிகாலை 5 மணிக்கு வாசலில் நிற்கும் குழு எதற்காக முழு அரை நிமிடம் பொறுக்கப் போகிறது?

இது நம் ஆட்களுக்கு ஏன் என்று கேட்பீர்கள். சங்க உறுப்பினர் பலருடைய வீட்டில் ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா ஆறு மாதம் தங்குகிறார்கள். வந்த புதிதில் இரவு தூக்கம் இல்லை, விடியற்காலையில்தான் கண் அயர்கிறார்கள். காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் உண்டு. "நாங்க இல்லாதப்போ யார் தட்டினாலும் கதவைத் திறக்காதீங்க" என்று பிள்ளைகளே சொல்லி வைத்திருக்கிறோம். வெளியே யாரோ ஆங்கிலத்தில் கத்தினால் அவர்கள் கதவுப் பக்கம் போக மாட்டார்கள். மகனையோ மகளையோ எழுப்ப மாடிக்குப் போவார்கள், அல்லது தலையணைக்கு அடியில் போனைத் தேடிக் கையை விடுவார்கள். உடைத்துக்கொண்டு வரும் குழுவின் கண்ணுக்கு, மறைவான இடத்தில் கையை விடுகிற ஆளைவிடப் பயங்கரமான காட்சி வேறில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள்: போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, மாடி அறையில் படுத்திருக்கும் பெரியவர் எழுந்து, கண்ணாடி போட்டு, படியிறங்கி, தாழ்ப்பாளைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நகர சபையில் பேச அந்த ஒரு எண் போதும்.

"நாங்கள் தப்புத்தண்டா செய்வதில்லை, எங்கள் வீட்டுக்கு ஏன் வரப்போகிறார்கள்" என்பது அடுத்த கேள்வி. வாரண்ட் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது.

பல போதைப்பொருள் ரெய்டுகளுக்கு அடிப்படை ஓர் இன்ஃபார்மரின், அதாவது போலீசுக்குத் துப்புக் கொடுப்பவரின், பேச்சு. முறைப்படி என்ன நடக்க வேண்டும்? இன்ஃபார்மரை முதலில் முழுச் சோதனை போட்டு, கையில் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எண் குறித்து வைத்த நோட்டுகளைக் கொடுத்து, சரக்கு வாங்கிவர அனுப்ப வேண்டும். அவர் எந்தக் கதவுக்குள் போகிறார், எப்போது வெளியே வருகிறார் என்று ஓர் அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும். வந்ததும் மறுபடி சோதனை, வாங்கிய பொருளுக்கு ரசாயனப் பரிசோதனை, பிறகு நீதிபதி முன் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் போலீஸ் தவறான கதவுக்கு வந்து நிற்கும். அடிக்கடி அறுவது "கண்ணால் பார்ப்பது". அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்ஃபார்மர் கட்டடத்துக்குள் போவது தெருவிலிருந்து தெரியும். இரண்டாம் மாடியில் இடப்பக்கம் திரும்பினாரா வலப்பக்கமா என்பது தெரியாது. வீட்டு எண் அவர் வாயால் சொல்வதுதான்.

சில நேரம் இன்ஃபார்மரே இருப்பதில்லை. 2006 நவம்பரில் அட்லாண்டாவில் 92 வயது மூதாட்டி ஒருவர் வீட்டில், நடக்காத ஒரு கொள்முதலை நடந்ததாக எழுதி வாரண்ட் வாங்கினார்கள். கம்பிக் கதவை அறுத்து நுழைந்தவர்களைத் திருடர்கள் என்று நினைத்து அவர் ஒரு முறை சுட்டார். போலீஸ் 39 முறை சுட்டது. அவர் இறந்தார். செய்ததை மறைக்க வீட்டில் கஞ்சாவையும் வைத்தார்கள். 2019 ஜனவரி 28 அன்று ஹூஸ்டனில் ஒரு தம்பதி இதேபோல் இறந்தார்கள். அந்த வீட்டில் ஹெராயின் வாங்கியதாகச் சொல்லப்பட்ட இன்ஃபார்மர் கற்பனை. பத்திரம் எழுதிய அதிகாரிக்கு 2024இல் 60 ஆண்டு சிறை கிடைத்தது. டெய்லர் வழக்கிலும், அவர் வீட்டுக்கு வந்த பார்சல்கள் பற்றித் தபால் துறையிடம் உறுதி செய்ததாகப் பத்திரத்தில் எழுதியிருந்தது பொய். அதில் உடந்தையாக இருந்ததை ஓர் அதிகாரி 2022இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நகரம் குடும்பத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது.

பொய் அரிது என்றே வைத்துக்கொள்வோம். முகவரிக் குழப்பம் அரிதல்ல. 2017 அக்டோபரில் அட்லாண்டாவில் எஃப்பிஐ குழு விடிவதற்கு முன் ஒரு வீட்டின் கதவை உடைத்து, வெடித்து ஒளிரும் குண்டை வீசி உள்ளே போனது. ஒரு தாய், அவர் மகன், தாயின் துணைவர் மூவரும் உள்ளே இருந்தார்கள். தேடிய வீடு வேறு தெருவில் இருந்தது. குழுத் தலைவர் தன் சொந்த ஜிபிஎஸ் கருவி காட்டிய இடத்துக்குப் போயிருந்தார். வீட்டு எண் தபால் பெட்டியில் இருந்தது, கதவில் இல்லை. இழப்பீட்டு வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளின. 2025 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. சிகாகோவில் 2019 பிப்ரவரியில் ஒரு சமூகப் பணியாளரை, உடை மாற்றிக்கொண்டிருந்த நிலையிலேயே கைவிலங்கிட்டு நிறுத்தினார்கள். தேடிய ஆள் பக்கத்து வீட்டில், மின்னணுக் கண்காணிப்புக் கருவியோடு இருந்தார். ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கக்கூடிய விஷயம் அது. கதவு எங்கே இருக்கிறது என்று எழுதுவதில்கூட இவ்வளவு அலட்சியம்.

உடைந்த கதவுக்கும் சிதறிய ஜன்னலுக்கும் யார் பொறுப்பு என்பது தனிக் கதை. பல வீட்டுக் காப்பீட்டுப் பத்திரங்களில் அரசு அதிகாரத்தால் வரும் சேதத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

அந்தக் குண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ஃபிளாஷ்-பேங்' என்பது சுமார் 170 டெசிபல் சத்தமும் கண்ணைக் குருடாக்கும் ஒளியும் தரும் வெடி. உள்ளே இருப்பவர் சில நொடி பார்க்கவும் கேட்கவும் முடியாமல் தடுமாற வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதை வீசிவிட்டு, "போலீஸ் என்று கத்தினோமே, ஏன் கீழ்ப்படியவில்லை" என்று கேட்பது எப்படி நியாயம் என்று எங்களுக்கு இதுவரை விளங்கவில்லை. அதிலுள்ள வெடிமருந்து எரிந்து சூடாகும். திரையிலும் மெத்தையிலும் தீப்பிடிக்கும். 2014 மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தின் ஹேபர்ஷாம் கவுண்டியில் அது 19 மாதக் குழந்தை தூங்கிய தொட்டிலில் விழுந்தது. முகத்திலும் மார்பிலும் கொடும் காயம். அந்த வீட்டில் போதைப்பொருளும் இல்லை, தேடிய ஆளும் இல்லை. குழந்தையின் குடும்பம் விருந்தாளியாக வந்து தங்கியிருந்தது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று குழு முன்கூட்டிப் பார்க்காததன் விலை அது.

போலீசாருக்கும் இது ஆபத்துதான். வாரண்டோடு கதவை உடைத்துப் போன ரெய்டுகளில் 2010 முதல் 2016 வரை குறைந்தது 81 பொதுமக்களும் 13 அதிகாரிகளும் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் கணக்கெடுத்தது. அதில் தட்டிய ரெய்டுகளும் அடக்கம். வீட்டுக்குள் அத்துமீறி வருபவரைச் சுடலாம் என்று பல மாநிலச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. வருவது யார் என்று தெரியாமல் உள்ளே இருப்பவர் சுட்டால் என்ன ஆகும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் 2013 டிசம்பரிலும் 2014 மேயிலும் இரண்டு நோ-நாக் ரெய்டுகளில் ஆளுக்கு ஓர் அதிகாரி கொல்லப்பட்டார். முதல் வழக்கில் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) கொலைக் குற்றச்சாட்டையே ஏற்கவில்லை. இரண்டாவது வழக்கில் சுட்டவர் விசாரணைக்கு முன்பே ஒன்பது ஆண்டு சிறையில் கிடந்து, 2023இல் ஆயுள் தண்டனை பெற்றார். முதலாமவர் வெள்ளையர், இரண்டாமவர் கறுப்பினத்தவர்.

"துப்பாக்கி வைத்திருப்பவன் வீட்டுக்குத் தட்டிவிட்டா போவது" என்று போலீஸ் தரப்பு கேட்கும். அமெரிக்கப் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் நால்வர் வாழும் வீட்டில் துப்பாக்கி உண்டு. அது மட்டுமே காரணம் என்றால் எந்த வீட்டிலும் தட்ட வேண்டாம். தடயம் அழியும் என்ற வாதமும் அப்படித்தான்: இருபது நொடியில் கழிப்பறையில் போகிற அளவு சரக்குக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், கிலோக் கணக்கில் இருந்தால் அது கழிப்பறையில் போகாது. பிணைக்கைதி, உள்ளே அலறல், துப்பாக்கிச் சத்தம் போன்ற அவசரங்களுக்கு வாரண்டே தேவையில்லை. சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது.

மாற்று வழி போலீஸ் பயிற்சியிலேயே இருக்கிறது. தேடும் ஆள் வேலைக்கோ கடைக்கோ வெளியே வரும்வரை காத்திருந்து தெருவில் பிடிப்பது, பிறகு காலியான வீட்டைச் சோதிப்பது ஒன்று. வீட்டைச் சுற்றி ஆள் நிறுத்தி, சீருடையோடு, வண்டி விளக்கைப் போட்டு, ஒலிபெருக்கியிலும் போனிலும் ஒவ்வொருவராக வெளியே வரச் சொல்வது இன்னொன்று. இதற்கு அதிக ஆட்களும் அதிக நேரமும் வேண்டும். ரெய்டு ஆறு நிமிடத்தில் முடியும், இது மூன்று மணி நேரம் இழுக்கலாம். துறைகள் தயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இனி, எதைக் கேட்பது.

மினியாபொலிஸ் நல்ல பாடம். 2020இல் அங்கே நோ-நாக் கட்டுப்படுத்தப்பட்டது. தேர்தல் பிரசாரத்தில் அதைத் "தடை" என்றே சொன்னார்கள். 2022 பிப்ரவரி 2 காலை 6.48க்கு, சோஃபாவில் போர்வைக்குள் தூங்கிய 22 வயது அமீர் லாக், போலீஸ் நுழைந்த பத்து நொடிக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் வாரண்டில் இல்லை. வழக்கு பக்கத்து நகரமான செயின்ட் பாலுடையது. நோ-நாக் வேண்டும் என்று கேட்டது மினியாபொலிஸ். அதன்பின் வந்த விதி பகலில் 20 நொடி, இரவு 8 முதல் காலை 8 வரை 30 நொடி பொறுக்கச் சொல்கிறது. எண்ணை எழுத்தில் போட்டதற்காக அதை வரவேற்கிறோம். பகலுக்கு 20 நொடி எங்களுக்குப் போதாது. எப்போதும் 30 கேளுங்கள். கடிகாரம் ஓடத் தொடங்குவது அறிவித்து முடித்த பிறகு என்றும், அது பாடி கேமராவில் பதிவாக வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். லூயிவில் நகரச் சட்டம் கேமராவைச் சோதனைக்கு 5 நிமிடம் முன்பே போடச் சொல்கிறது. அதே வாசகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

மாநில அளவில் முன்மாதிரி வர்ஜீனியா. அங்கே தட்டாமல் நுழைவதற்குத் தடை, அடையாளம் தெரியும் சீருடை கட்டாயம், சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் பகல் நேரம் மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இவற்றை மீறி எடுத்த பொருள் வழக்கில் செல்லாது. ஹட்சன் தீர்ப்பு அளித்த சலுகையை ஒரு மாநிலம் தன் சட்டத்தால் மறுக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள். மத்திய அரசின் உத்தரவை நம்பி இருக்க முடியாது: நோ-நாக்கைக் கட்டுப்படுத்திய 2022இன் அதிபர் ஆணையை 2025 ஜனவரி 20 அன்று ஒரே கையெழுத்தில் நீக்கினார்கள்.

பிரமாணப் பத்திரத்தின் படிவத்திலும் மூன்று கேள்விகள் சேர வேண்டும்: வீட்டில் குழந்தை, முதியவர், காது கேளாதவர், ஆங்கிலம் தெரியாதவர் உண்டா, கதவை எந்த அதிகாரி, எந்தத் தேதியில் நேரில் பார்த்தார், வெளியே பிடிக்க ஏன் முடியாது. வெளியூர் போலீசும் கூட்டுப் படைகளும் உங்கள் நகர எல்லைக்குள் வந்தால் இதே விதி பொருந்துமா என்றும் கேளுங்கள். கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிப் நகர சபைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல; அவர் பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், அவரிடம் தனியாகப் பேச வேண்டும். நீதிபதி இல்லாமல் அதிகாரியே கையெழுத்திடும் குடிவரவுத் துறையின் நிர்வாக வாரண்ட் முற்றிலும் வேறு. அதை இதோடு கலந்தால் இரண்டுமே கெடும்.

"நாங்கள் பண்பாட்டு அமைப்பு, அரசியல் பேசினால் வரிவிலக்கு போய்விடும்" என்ற பதில் வரும் என்று தெரியும். 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்கு பெற்ற பொதுநல அமைப்பு, வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, அவ்வளவுதான் முழுத் தடை. சட்ட முன்வரைவு பற்றிப் பேசுவதற்கு வரம்போடு அனுமதி உண்டு. அந்த வரம்பைச் செலவுக் கணக்கால் அளக்கும் 501(எச்) தேர்வைச் செய்தால், ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 விழுக்காடு வரை இதற்குச் செலவிடலாம். போலீஸ் துறை தானே வகுக்கும் விதிமுறையைப் பற்றிக் கருத்துச் சொல்வது அந்தக் கணக்கிலேயே வராது. பொங்கல் விழாவுக்கு மேயரையும் போலீஸ் அதிகாரியையும் அழைத்துப் பொன்னாடை போர்த்துகிற சங்கங்கள் உண்டு. மேடையிலிருந்து இறங்கியதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் யாருடைய வரிவிலக்கும் போகாது.

முதல் வேலையாக, பொது ஆவணச் சட்டத்தின்கீழ் உங்கள் போலீஸ் துறைக்கு ஒரு மனு அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: சோதனை வாரண்ட் பற்றிய விதிமுறை அத்தியாயம் முழுவதும், கடந்த மூன்று ஆண்டுகளில் கதவை உடைத்து நுழைந்த சோதனைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நேரம், காத்திருந்த நொடிகள், தேடிய பொருள் கிடைத்ததா இல்லையா, ஃபிளாஷ்-பேங் வீசியது எத்தனை முறை, தவறான முகவரிக்காகக் கொடுத்த இழப்பீடு. காத்திருந்த நொடிகளைக் குறித்து வைப்பதில்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே அச்சடித்து நகர சபைக்கு எடுத்துப் போங்கள். பொதுமக்கள் பேசும் நேரம் பெரும்பாலும் 2 அல்லது 3 நிமிடம்தான். மனுவையும் பதிலையும் படிக்க அது போதும்.

இப்படிக்கு,
அமெரிக்கக் குற்றவியல் நீதித்துறையில் பணியாற்றும் தமிழர் சிலர்